பிளாஸ்திரி ஒட்டிய சைக்கிள்

ஒரு சைக்கிளை எப்படியெல்லாம் நாசமாக்கலாம் என்று அறிய விரும்புகிறவர்கள் ராஜபாளையத்தில் ஏதாவது ஒரு பார்சல் ஆபீசுக்குப் போய் அரை மணி நேரம் நின்றால் போதும். நான் போனது மே மாதம், மாம்பழச் சீசன். வாசலிலேயே அட்டைப் பெட்டிகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். அடிப்பெட்டி நசுங்கிச் சாறு தரையில் ஓடியிருந்தது. அதில் ஈ மொய்த்தது. அதை மிதித்த செருப்புகள் உள்ளே முழுக்கப் பிசுபிசுப்பான தடங்களைப் பதித்திருந்தன. அந்தத் தடங்கள் முடிகிற இடத்தில், ஒரு கருவாட்டு மூட்டையின் மேல் சாய்ந்தபடி, யாருடையதோ ஒரு நீலச் சைக்கிள் நின்றது. அதன் சீட்டின் மேல் அழியாத மையால் எண் எழுதியிருந்தார்கள். முன் கவட்டையில் ஒரு விலாசச் சீட்டை ஒட்டி, அது தப்பான விலாசம் என்று தெரிந்ததும் பாதியைக் கிழித்து, மிச்சத்தின் மேலேயே இன்னொன்றை ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் கிடந்த இன்னொரு சைக்கிளின் பெடல் அதன் சட்டத்தில் குத்திக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூட்டை விழும்போதும் தரை அதிர்ந்து, அந்தப் பெடல் பெயின்டை இன்னும் கொஞ்சம் சுரண்டியது.

மேசையில் இருந்த கிளார்க் வடை தின்றுகொண்டிருந்தார். வடை தின்ற விரலாலேயே ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினார். எல்லா ரசீதுகளின் வலது மூலையிலும் எண்ணெய் வட்டம் இருந்தது. சைக்கிளை லாரியில் எப்படி ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். நிறுத்தி வைப்போம் என்றார். இடம் இல்லாவிட்டால்? படுக்கப் போடுவோம். அதன் மேல் வேறு சரக்கு வைப்பீர்களா என்றதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சும்மா கெடக்குற எடத்த யாரு சார் விடுவா? சைக்கிள்தான, முட்டையா?"

நான் முப்பத்து நான்கு வருடம் இங்கே ஒரு நூல் மில்லில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தவன். கப்பலேறிப் போகும் நூல் கோனில் ஒருவனுடைய கட்டைவிரல் அழுக்கு பட்டிருந்தால் அந்தப் பெட்டியையே திரும்ப இறக்கச் சொன்னவன். எதை எந்தத் தாளில் சுற்ற வேண்டும், எங்கே மூலைக்கு அட்டை கொடுக்க வேண்டும், எந்தப் பட்டையை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஓய்வு பெற்ற பிறகு இந்த அறிவுக்கு வீட்டில் வேலை இல்லாமல் போனதால், ஊரில் மற்றவர்கள் கட்டும் மூட்டைகளைப் பார்த்து முகம் சுளிப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்திவந்தேன். அன்றும் அப்படியே சுளித்துக்கொண்டு வீடு திரும்பினேன்.

நான் விசாரிக்கப் போனது எங்கள் சைக்கிளுக்காக அல்ல. அனுப்ப வேண்டியிருந்தது இரவல் சைக்கிள். அதுதான் சங்கடம்.

என் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் கூட வேலை பார்க்கும் ஒரு பெண்ணும் சைக்கிளில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் போய்வருவார்கள். அந்தப் பெண் ஒரு பழைய வெளிநாட்டுச் சைக்கிளை எங்கிருந்தோ வாங்கி, மூன்று மாதம் தன் கையாலேயே துருவைச் சுரண்டி, மாந்தளிர் நிறத்தில் பெயின்ட் அடித்திருந்தாள். அதைச் செய்த கம்பெனி மூடிப் பல வருடம் ஆகிவிட்டதாம். பழைய படங்களைப் பார்த்து அந்தக் கம்பெனியின் பெயரை அச்சிட்டுத் தருகிற ஒருவரைத் தேடிப் பிடித்து, ஒன்பது வெள்ளை எழுத்துகள் கொண்ட ஸ்டிக்கரைத் தபாலில் வரவழைத்து, சட்டத்தின் இரண்டு பக்கமும் ஒட்டியிருந்தாள். அந்த ஆள் அதற்குப் பிறகு அச்சடிப்பதை விட்டுவிட்டார். அப்படிப்பட்ட வண்டியை என் மகள் பத்து நாள் விடுமுறைக்குக் கேட்டதும் அவள் கொடுத்தாள். ஒரு கீறல் இல்லாமல் திருப்பித் தருவதாக என் மகள் வாக்குக் கொடுத்திருந்தாள்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு காரின் பின்னால் மாட்டி வண்டியைக் கொண்டுவந்து இறக்கினார்கள். மகள் தினமும் காலையில் மலையடிவாரம் வரை போய்வந்தாள். ஒவ்வொரு நாளும் திரும்பியதும் நனைத்துப் பிழிந்த பனியன் துணியால் அதைத் துடைப்பாள். ஸ்டிக்கர் மேல் மட்டும் துணி படாமல் ஊதிவிடுவாள். "இது பெயின்டுக்கு மேல சும்மா ஒட்டுனதுப்பா. வார்னிஷ் அடிக்கல. நகம் பட்டாலே வந்துரும்" என்று என்னிடம் சொல்லியும் இருந்தாள். நான் தலையாட்டினேன். எனக்குத் தெரியாததா?

எட்டாம் நாள் அவள் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் தாய்மாமன் வீட்டுக்கு அந்தச் சைக்கிளிலேயே போனாள். அங்கே இருக்கும்போது ஆபீசிலிருந்து உடனே வரச் சொல்லிப் போன் வந்துவிட்டது. வண்டியை மாமன் வீட்டிலேயே நிறுத்திவிட்டு அப்படியே பஸ் ஏறினாள். பஸ்ஸில் இருந்து எனக்குப் போன் செய்து, வண்டியைப் பத்திரமாகக் கோயம்புத்தூருக்கு அனுப்பி வைக்கும்படி சொன்னாள். கடைசியாக, "நீங்க பாத்துக்குவீங்கன்னுதாம்ப்பா விட்டுட்டு வாரேன்" என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு அரை மணி நேரப் பயணம். ஏறி மிதித்தாலே வந்துவிடலாம். ஆனால் என் முழங்கால்கள் இரண்டும் அதற்கு ஒப்பவில்லை. என் மைத்துனனுக்கோ நூற்றுப் பத்துக் கிலோ எடை. அவன் அந்த மெல்லிய சீட்டில் உட்காருவதை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. லோடு ஆட்டோவில் ஏற்றிவிடுகிறேன் என்றான். சரி, அதற்கு முன் நான் அனுப்புகிற குறிப்பின்படி கட்ட வேண்டும் என்றேன். அன்று மாலையே பதினோரு அம்சங்கள் கொண்ட குறிப்பை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பெடல்களைக் கழற்றுவது, கைப்பிடியைத் திருப்பி வைப்பது, செயின் பக்கம் அட்டை வைப்பது, எல்லாம் வரிசை எண்ணோடு இருந்தன. ஸ்டிக்கர் உள்ள பகுதிகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு அளிக்க வேண்டும் என்பதை இரண்டாவது அம்சமாகப் போட்டு அடிக்கோடும் இட்டிருந்தேன்.

அவன் போனில் சிரித்தான். "ஒரு வண்டியக் கட்டி அனுப்புறதுக்குப் பதினோரு பாயிண்டா அத்தான்? எங்க அக்காவ ஒங்க வீட்டுக்கு அனுப்பும்போதுகூட நாங்க இம்புட்டுப் பாக்கலையே."

மைத்துனனுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஷெட் இருக்கிறது. பேண்டேஜ் துணியை ரோலாகச் சுற்றி, வெட்டி, பாக்கெட் போடுகிற ஷெட். எங்கள் பக்கத்தில் இந்தத் தொழில் நிறைய. அதனால் இங்கே எதைச் சுற்றுவதென்றாலும் பேண்டேஜ் துணிதான். மிக்சி ரிப்பேருக்குப் போனாலும், ஊறுகாய் ஜாடியின் வாயைக் கட்டினாலும், தண்ணீர்க் குழாய் ஒழுகினாலும், கழிவில் போன துணியை எடுத்துச் சுற்றிவிடுவார்கள். கல்யாணப் பந்தலில் வாழைமரத்தைத் தூணோடு சேர்த்து அதனால் கட்டியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஊரே ஏதோ பெரிய விபத்தில் சிக்கி மீண்டது போல இருக்கும். எனக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை. அந்தத் துணி விலகி விலகி நெய்தது. இழைகளுக்கு நடுவில் உள்ள கண் வழியாகத் தூசி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு உப்புத்தாள் போலத் தேய்க்கும். இது தெரிந்தும் நான் குறிப்பில் அதைத் தடுக்கவில்லை. தடுத்தாலும் அவனிடம் வேறு துணி கிடையாது.

மறுநாள் பிற்பகல் லோடு ஆட்டோ வந்து நின்றது. கறுப்புத் தார்ப்பாயை விலக்கினார் டிரைவர். மே மாத வெயிலில் அந்தத் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து அடுப்பைத் திறந்தது போல அனல் வந்தது. கூடவே கஞ்சி வாடையும் ரப்பர் வாடையும் கலந்து ஒரு நாற்றம். முன் சக்கரம் முதல் பின் சக்கரம் வரை வெள்ளைத் துணி சுற்றி, நடுநடுவே பட்டை பட்டையாக ஏதோ ஒட்டி, சைக்கிள் படுத்திருந்தது.

டிரைவர் என்னிடம், "அண்ணாச்சி, பேஷண்ட எங்க எறக்க?" என்றார்.

வீட்டு முன் கூடத்தில் நிறுத்தினோம். அன்று பிரிக்கவில்லை. சூடான பொருளைப் பிரிக்கக் கூடாது, ஆறவிட வேண்டும் என்பது மில்லில் எங்கள் விதி. நூலுக்கு அது சரி.

காலையில் பிரித்தேன். துணி ஓரிடத்தில் எளிதாக வந்தது. அடுத்த இடத்தில் வரவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தேன். துணி நழுவாமல் இருக்கப் பிளாஸ்திரி ஒட்டியிருந்தான். காயத்துக்கு ஒட்டுகிற, துணியாலான, நான்கு விரல் அகலப் பிளாஸ்திரி. துணியின் ஓரத்தில் பாதியும் பெயின்ட் மேல் பாதியுமாக ஒட்டியிருந்தான். சட்டத்தின் கீழ்க்குழாயில், ஸ்டிக்கர் இருக்க வேண்டிய இடத்தில், துணியே இல்லை. நேராகப் பிளாஸ்திரி, அதுவும் இரண்டு அடுக்கு. கூடுதல் பாதுகாப்பு.

நகத்தால் ஒரு முனையைத் தூக்கி மெதுவாக இழுத்தேன். தோலை உரிப்பது போன்ற சத்தம் வந்தது. வலது பக்கத்து ஒன்பது எழுத்துகளும் பிளாஸ்திரியோடு வந்துவிட்டன. அதன் ஒட்டும் பக்கத்தில் அவை இடம் வலமாகத் திரும்பி, வரிசை குலையாமல், மிக நேர்த்தியாக இருந்தன. இடது பக்கத்தில் இன்னும் நிதானமாக இழுத்தேன். மூன்று எழுத்துகள் போயின. பிறகு நிறுத்திவிட்டு முடி உலர்த்தியை வைத்துச் சூடு காட்டி மிச்சத்தைக் காப்பாற்றினேன். இரண்டு இடங்களில் மாந்தளிர் பெயின்டும் காசு அகலத்துக்கு உரிந்து, உள்ளே சாம்பல் நிறம் தெரிந்தது. மற்ற இடங்களில் வெயிலில் உருகிய பசை மஞ்சளாக இழுபட்டு, அதில் துணிப் பிசிறும் தூசியும் யாருடையதோ ஒரு நரைமுடியும் சிக்கியிருந்தன. தொட்டால் விரலோடு நூல் நூலாக வந்தது. தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைக்கலாம் என்றாள் என் மனைவி. துடைத்தேன். சேறு மாதிரி பரவியது.

மைத்துனனை வரவழைத்தேன். அவன் பைக்கில் வந்து இறங்கியதும், சொல்ல வேண்டியவை எல்லாவற்றையும் சொன்னேன். மூளை இருக்கிற ஒருவன் பெயின்டின் மேல் பிளாஸ்திரி ஒட்டுவானா என்று கேட்டேன். வருகிற வழியில் இருக்கும் எந்தச் சைக்கிள் கடைக்காரனைக் கேட்டாலும் சொல்லியிருப்பானே என்றேன். அவனுடைய ஷெட், அவனுடைய துணி, அவனுடைய படிப்பு என்று ஒன்றையும் விடவில்லை. அவன் தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான். நான் மூச்சு வாங்கியபோது, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து என் முன் நீட்டினான்.

"ஆறாவது பாயிண்டப் படிங்க அத்தான்."

படித்தேன். 'துணி நழுவும் இடங்களில் பிளாஸ்திரி கொண்டு நிலைநிறுத்தவும்' என்று எழுதியிருந்தது. எழுதியது நான்.

எப்படி எழுதினேன் என்பதும் உடனே ஞாபகம் வந்தது. மில்லில் நூல் முறுக்கும் எந்திரத்தின் கதிர்களைப் பழுது பார்க்க வெளியூர் அனுப்பும்போது பேண்டேஜ் துணியைச் சுற்றிப் பிளாஸ்திரி போடுவோம். கையாலேயே கிழிக்கலாம், கத்திரி வேண்டாம், கறை படாது. எல்லாம் வழவழப்பான எஃகு. பெயின்ட் கிடையாது, ஸ்டிக்கர் கிடையாது. அந்த வரியை அப்படியே தூக்கி இங்கே வைத்திருக்கிறேன். பெயின்டுள்ள குழாய்க்கு ஏசிக்காரர்கள் பயன்படுத்தும் கறுப்பு நுரைக்குழாயைப் பிளந்து மாட்டி, அந்த நுரையின் மேல்தான் எதையும் ஒட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். யாராவது கேட்டிருந்தால் அரை மணி நேரம் விளக்கியிருப்பேன். எழுதும்போது மட்டும் அது வரவில்லை. மகள் ஸ்டிக்கரைப் பற்றிச் சொன்னபோது தலையாட்டியவனும் நான்தான்.

மைத்துனன் வெற்றி பெற்றவன் போல நடந்துகொள்ளவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. சைக்கிளைச் சுற்றி ஒரு தடவை நடந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு வழி இருக்கிறது என்றான்.

"ஒங்களுக்குத் தெரியாததா அத்தான். அட்டப் பெட்டில போட்டுக் கட்டிக் குடுத்துருவோம். அங்க போயிப் பிரிக்கும்போது இப்படி இருந்தா, வழில ஆனதுன்னு ஆயிப்போகும். லாரிக்காரன் மேல பழியப் போட்டா எவன் நம்பாம இருப்பான்?"

நம்பாமல் இருக்க மாட்டார்கள். அந்த பார்சல் ஆபீசை ஒரு தடவை பார்த்தவர்கள் எதையும் நம்புவார்கள். சேதம் பற்றிய அறிக்கையை எப்படி எழுதுவது என்பதும் எனக்கு அத்துப்படி. 'பயணத்தின்போது உராய்வு ஏற்பட்டுள்ளதாகத் தெரியவருகிறது.' அந்த வாக்கியத்தில் கை இல்லை, ஆள் இல்லை, மே மாத வெயில் இல்லை. முப்பத்து நான்கு வருடத்தில் அப்படி எத்தனை வாக்கியங்கள் எழுதிக் கையெழுத்திட்டேன் என்பது எனக்கே தெரியாது. லாரிக்காரர்களில் யாராவது ஒருவராவது அதைச் செய்யாதவராக இருந்திருப்பார் அல்லவா. அன்றுவரை நான் அப்படி யோசித்ததில்லை.

நான் அவனிடம் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சைக்கிள் கடைக்குப் போய்ப் பெரிய அட்டைப் பெட்டி ஒன்று வாங்கிவந்தேன். ஏசி மெக்கானிக்கிடம் நுரைக்குழாய் வாங்கி, ஒவ்வொரு குழாய்க்கும் அளந்து வெட்டி மாட்டினேன். சக்கரங்களைக் கழற்றி நடுவில் அட்டை கொடுத்தேன். முன் கவட்டை நசுங்காமல் இருக்க மரக்கட்டை வைத்துக் கட்டினேன். உரிந்துபோன இடங்களின் மேல் மெல்லிய தாள் வைத்து அதன் மேல் நுரையை மூடியபோது, என் வாழ்நாளிலேயே இவ்வளவு ஒழுங்காக எதையும் கட்டியதில்லை என்று தோன்றியது. கெட்டுப்போன பிறகு ஒரு பொருளைப் பாதுகாப்பது எவ்வளவு சுலபம். மைத்துனன் பட்டை இழுத்துப் பிடித்து உதவினான்.

பெட்டியை பார்சல் ஆபீசுக்கு எடுத்துப் போனோம். அதே கிளார்க். அன்று வடை இல்லை. பெட்டியைப் பார்த்ததும் எழுந்து வந்து, அதன் மூலைகளைத் தொட்டுப் பார்த்தார். எண்ணை எங்கே எழுதட்டும் என்று என்னைக் கேட்டார். மாம்பழச் சாறு படாத இடமாகப் பார்த்து நிறுத்தச் சொல்லி, சுமை தூக்குகிறவரிடம் அவராகவே சொன்னார். பிறகு ரசீதில் சரக்கின் நிலை என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதினார். பிரித்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டேன்.

"நீங்க கட்டுனதப் பிரிச்சுப் பாக்கணுமா சார்? மில்லுல இருந்து வார பெட்டில ஒங்க கையெழுத்த எத்தன வருசமாப் பாத்திருக்கேன். ஒங்க சரக்குன்னா கண்ண மூடிட்டு ஏத்தலாம்."

ரசீதை என் பக்கம் திருப்பிப் பேனாவையும் கொடுத்தார். நான் பேனாவை வாங்கிக்கொண்டு நின்றேன். இந்த மனிதரின் விரலைப் பார்த்துத்தான் நான்கு நாட்களுக்கு முன் நான் முகம் சுளித்தேன். இப்போது பெட்டி கோயம்புத்தூரில் திறக்கப்படும்போது, அவர் பெயர்தான் முதலில் அடிபடும்.

பேனாவை மேசையில் வைத்துவிட்டு, மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடியே மகளுக்குப் போன் செய்தேன். ஸ்டிக்கர் போய்விட்டது என்றேன்.

"எந்தப் பக்கம்?"

வலது பக்கம் முழுதும், இடது பக்கம் மூன்று எழுத்து, பெயின்ட் இரண்டு இடத்தில் என்றேன்.

"யாருப்பா பண்ணது?"

"மாமா ஒட்டினான். ஒட்டச் சொன்னது நான்."

மைத்துனன் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தெருவைப் பார்த்தபடி நின்றான். மகள் அழவில்லை, திட்டவும் இல்லை. பெட்டி எப்போது வந்து சேரும் என்று மட்டும் கேட்டாள். நாளை மறுநாள் என்றேன். "அப்போ நாளைக்கே அவகிட்ட நான் சொல்லிரணும். பெட்டியப் பிரிச்சு அவளாப் பாத்தா நல்லாருக்காது" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

திரும்பி வந்து, நன்று என்பதை அடித்துவிட்டு, பெயின்டும் ஸ்டிக்கரும் முன்பே சேதமடைந்தவை என்று எழுதும்படி கிளார்க்கிடம் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. யாரும் இப்படி எழுதச் சொல்வதில்லையே, இதனால் உங்களுக்குத்தானே நஷ்டம் என்றார். எழுதுங்கள் என்றேன். எழுதினார். கையெழுத்துப் போட்டேன்.

பெட்டி ஒரு நசுங்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது. சொன்ன நாளில், நிறுத்திய நிலையிலேயே இறக்கினார்களாம்.

அந்தப் பெண் சண்டை போடவில்லை என்று மகள் பிறகு சொன்னாள். சரி, விடு என்றாளாம். வண்டியை எடுத்துப்போய் உரிந்த இடங்களில் ஏதோ பூசினாளாம். எழுத்துகளுக்கு வழியில்லை. என் மகள் பெயின்டுக்கான செலவைத் தருவதாகச் சொன்னதை அவள் காதில் வாங்கவில்லை. அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்கு ஒவ்வொரு வாரமும் ஒரு வேலை இருந்தது. நான்காவது வாரத்திலிருந்து என் மகள் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். ஆபீசில் பேசிக்கொள்கிறார்கள். கூடச் சாப்பிடவும் செய்கிறார்கள்.

அந்தப் பெண்ணுக்கு நானே ஒரு கடிதம் எழுதுவதாகச் சொன்னேன். என் பொறுப்பு எது, எந்தக் கட்டத்தில் எது தவறியது என்று விளக்கிவிடலாம் என்று நினைத்தேன். வாட்ஸ்அப்பில் அனுப்ப அவள் நம்பரைக் கேட்டபோது மகள் தயங்கினாள்.

"வேண்டாம்ப்பா. நீங்க எழுத ஆரம்பிச்சா, கடைசில அதுல யாருமே தப்புப் பண்ணிருக்க மாட்டாங்க."

அவள் எங்கள் வீட்டு மேசையில் என் அலுவலகக் கடிதங்களின் நகல்களைப் பார்த்து வளர்ந்தவள். இரண்டு நாள் கழித்து அவளாகவே நம்பரை அனுப்பினாள்.

ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எழுதினேன். முதலில் வந்தது ஒன்றரைப் பக்கம். அதில் வெயில் இருந்தது, தார்ப்பாய் இருந்தது, மைத்துனனின் ஷெட் இருந்தது. எல்லாவற்றையும் அடித்தேன். மிஞ்சியது இதுதான்: 'உன் சைக்கிளில் பிளாஸ்திரி ஒட்டச் சொன்னது நான். ஒட்டக் கூடாது என்று எனக்கு முன்பே தெரியும்.' கீழே என் பெயரைப் போட்டு அனுப்பினேன்.

அவள் படித்துவிட்டாள் என்று போன் காட்டியது. இன்றுவரை பதில் இல்லை. அவள் நிலையில் நான் இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.